ஸ்கிப்பர் காட்டிய இடம்

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி மீன்பிடித் துறைமுகத்தில் உண்மை பேசுகிற ஸ்கிப்பர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மற்ற விஷயங்களில் எப்படியோ, மீன் எங்கே கிடைத்தது என்று கேட்டால் பெற்ற தாயிடமும் பொய்தான் சொல்வோம். தூரத்தில் இன்னொரு கப்பலின் புகை தெரிந்தால், நிரம்பிக்கொண்டிருக்கிற வலையைக்கூடப் பாதியில் தூக்கிக்கொண்டு எதிர்த்திசையில் போய்விடுவோம். இதை யாரும் தப்பென்று நினைக்கவில்லை. தொழில் அப்படி.

என் பெயர் சைலஸ் ட்ரூரி. 'சாரா வென்' என்ற நீராவி இழுவலை மீன்பிடிக் கப்பலுக்குப் பதினொரு வருஷம் தலைவனாக, எங்கள் பேச்சில் ஸ்கிப்பராக, இருந்தேன். வட கடலுக்கு நடுவில், டாகர் மேடு என்ற ஆழம் குறைந்த பரப்பின் தென்மேற்கு ஓரத்தில் ஒரு குழி உண்டு. என்றோ காடாக இருந்த நிலமாம், கடல் ஏறி மூழ்கடித்துவிட்டதாம். அங்கே இழுத்தால் வேரும் சுள்ளியும் கலந்த கறுப்பு மண் கட்டி கட்டியாக வந்து வலையைக் கிழிக்கும். அதனால் எல்லாரும் ஒதுங்கிப் போவார்கள். ஆனால் குழியின் ஒரு விளிம்பில், இரண்டு மைல் நீளத்துக்கு, வலை கிழியாமல் இழுக்க ஒரு வழி இருந்தது. அங்கே ப்ளேஸ் என்ற தட்டை மீன் அடுக்கி வைத்ததுபோலக் கிடக்கும். அந்த வழி எனக்கு மட்டும்தான் தெரியும் என்று ரொம்பவும் கர்வப்பட்டுக்கொண்டிருந்தேன்.

1917 மார்ச் மாதம், ஜெர்மனியோடு போர் நடந்துகொண்டிருந்த சமயம், அந்தக் குழியில் அந்தப் பயணத்தின் கடைசி இழுப்பு. வின்ச் இயந்திரம் முனகிக்கொண்டு வலையைத் தூக்கியது. வலையின் அடிப்பை கப்பலின் பக்கவாட்டில் தொங்கி ஆடியது. நல்ல கனம். நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் துணை ஸ்கிப்பர் ரஷ்பி ஒரு கையை உயர்த்தினான்.

"வின்ச்ச நிறுத்துங்க. மெதுவா. ஸ்கிப்பர், உள்ள ஒண்ணு இருக்கு."

வெள்ளை வயிறுகளுக்கு நடுவில் கறுப்பாக, உருண்டையாக, பாசி பிடித்த இரும்பு. தட்டினால் வெடிக்கிற அதன் கொம்புகளில் ஒன்று வலைக்கண் வழியாக வெளியே நீட்டிக்கொண்டு கப்பலைப் பார்த்து நின்றது. கப்பல் சாயும்போதெல்லாம் அது ஒரு முழத் தூரத்துக்கு வரும், பிறகு விலகும். தேநீர்க் கெண்டியோடு வந்த சமையல்காரர் அப்படியே நின்றுவிட்டார். ரஷ்பி கைப்பிடிச் சுவரில் ஏறி, கப்பல் அடுத்த பக்கம் சாய்கிற சமயம் பார்த்துக் கயிற்றை அறுத்தான். வலை, மீன், கண்ணிவெடி எல்லாம் சேர்ந்து இறங்கிப் போயின. வெடிக்கவில்லை. பத்துப் பேரும் வெகுநேரம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒண்ணு இருந்தா பக்கத்துலயே பத்து இருக்கும்" என்றான் ரஷ்பி. "ஜெர்மன்காரன் வரிசையாத்தான் போட்டிருப்பான்."

செவ்வாய்க்கிழமை கரை சேர்ந்தோம். விதிப்படி கடற்படை அலுவலகத்துக்குப் போனேன். இளவயது லெப்டினன்ட் ஒருவர் வரைபடத்தை விரித்தார்.

"எந்த இடம்னு காட்டுங்க, ஸ்கிப்பர்."

நான் காட்டினேன். குழியிலிருந்து பன்னிரண்டு மைல் வடகிழக்கே, வெறும் மணல் பரப்பில் என் விரல் போய் நின்றது. யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். இருபது வருஷப் பழக்கம், கை தானாகப் போயிற்று. ஆனால் விரலை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. குழியை மூடிவிட்டால் பிறகு எனக்கு என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஜாக்கிரதையாக இழுத்துக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். என்னைப் போன்ற முட்டாள் அந்தத் துறைமுகத்தில் இன்னொருவன் இருந்திருக்கமாட்டான்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் அந்த மணல் பரப்பு மூடப்பட்டதாக எழுதி ஒட்டினார்கள். ரஷ்பி படித்தான். என் முகத்தைப் பார்த்தான். தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான். ஸ்கிப்பர் சொன்ன இடத்தைத் துணை ஸ்கிப்பர் மறுத்துப் பேசுகிற வழக்கம் எங்களிடம் கிடையாது.

வியாழன் மதியம், கப்பல்துறை முனையில் இருக்கும் மதுக்கடையில் ஜாபெஸ் மம்பி என்னைப் பிடித்தான். என் தங்கை ஹெட்டியின் புருஷன். 'கிங் ஆஸ்வின்' கப்பலின் ஸ்கிப்பர். எட்டு வருஷமாக என் மீன் எங்கிருந்து வருகிறது என்று மோப்பம் பிடித்துக்கொண்டே இருந்தவன்.

"என்ன மச்சான், கடற்படையவே கவுத்துட்டீங்களே!"

"மெதுவாப் பேசு."

"சந்தையில உங்க மீனோட செவுளை விரிச்சுப் பார்த்தேன். கறுப்பு மண்ணு! நீங்க காட்டின இடத்துல மணலைத் தவிர ஒரு மண்ணும் கிடையாது. அது குழி மீனு. இந்தத் தொழில்ல எங்களுக்கும் கண்ணு இருக்கு."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஆனா அந்த வெடி இருக்கு பாருங்க, அதுதான் பிரமாதம். இல்லாத வெடிய ஒண்ணு உண்டாக்கி, அந்த மணலை மூடவச்சு, நீங்க அங்கதான் பிடிச்சீங்கன்னு ஊரையே நம்பவச்சுட்டீங்க. யாராலயும் போய்ப் பார்க்கவும் முடியாது."

"வெடி உண்மை, மாப்பிள்ளை. என் வலையோட போச்சு."

"சரி, உண்மையாவே இருக்கட்டும். எங்க?"

சுற்றிலும் பார்த்தேன். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னேன். "குழியிலதான்."

அவன் சிரித்த சிரிப்பில் மேஜையெல்லாம் பீர் சிந்தியது. "பாருங்கய்யா! நான் குழியைக் கண்டுபிடிச்சுட்டேன்னு சொல்லி அஞ்சு நிமிஷம் ஆகல, வெடி பன்னெண்டு மைல் நடந்தே வந்துடுச்சு!"

"ஹெட்டி மேல சத்தியமாச் சொல்றேன், போகாதே."

"ஹெட்டி மேல நீங்க பண்ணின சத்தியத்துக்கெல்லாம் அவ என்னைக்கோ செத்திருக்கணும் மச்சான். போன கிறிஸ்துமஸுக்கு அவ தலைல அடிச்சுத்தானே காட் மீன் வடக்குல கிடைச்சுதுன்னீங்க? மூணு நாள் சுத்தினேன், ஒரு வாலும் கிடைக்கல."

அது உண்மை. இவனை நம்பவைக்க என்னிடம் ஒரு வார்த்தையும் மிச்சமில்லை என்று புரிந்தது.

ஜாபெஸ் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். கெட்டவன் இல்லை அவன். "ஒண்ணு செய்யுங்க. ஆபீஸுக்குப் போய் மாத்திச் சொல்லுங்க. நாளைக்குக் காலையில பலகையில குழின்னு எழுதியிருந்தா நான் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டேன். இது சத்தியம். என் சத்தியத்தை நம்பலாம்."

அன்று மத்தியானமே போனேன். அலுவலகக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. போர்க்காலத்தில் பொய்த் தகவல் கொடுத்தால் ஸ்கிப்பர் சான்றிதழ் பறிக்கப்படும், சிறைத் தண்டனையும் உண்டு என்று அதில் இருந்தது. மூன்று தடவை படித்தேன். உள்ளே நாலு ஸ்கிப்பர்கள் நின்றுகொண்டிருந்தார்கள், நாலு பேரும் எனக்குத் தெரிந்தவர்கள். அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது?

குமாஸ்தா தலையை நீட்டினார். "என்ன வேணும் ஸ்கிப்பர்?"

"அலை நேரப் பட்டியல்" என்றேன். ஒரு தாளைக் கொடுத்தார். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அன்று முழுக்க, அவன் சும்மா மிரட்டியிருப்பான், போகமாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான்.

வெள்ளிக்கிழமை காலை நல்ல மூடுபனி. கப்பல்கள் கடலுக்குப் போகும் நீர்க்கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். பெண்கள் ஒருவரும் இல்லை. கப்பல் கிளம்பும் நாளில் வழியனுப்ப வந்தால் கடல் ஆளை வைத்துக்கொள்ளும் என்று எங்கள் பெண்களுக்குப் பயம். 'கிங் ஆஸ்வின்' மெதுவாக என் முன்னால் நகர்ந்தது. மேலே சுக்கான் அறை ஜன்னலில் ஜாபெஸின் தலை தெரிந்தது.

"பலகையைப் பார்த்தேன் மச்சான்! இன்னும் மணல்னுதான் எழுதியிருக்கு!"

அவனோடு ஒன்பது பேர் தளத்தில் நின்று கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அலுவலகம் எனக்குப் பின்னால் நூறு கஜத்தில் இருந்தது. கப்பல் நீர்க்கதவைத் தாண்ட இன்னும் கால்மணி நேரம் ஆகும். ஓடியிருந்தால் போதும், நடந்திருந்தாலே போதும். நான் நின்றேன். கப்பலின் பின்விளக்கு பனியில் மங்கி மறைந்தது. எங்கள் கப்பல்களில் வயர்லெஸ் கிடையாது. கதவைத் தாண்டிவிட்டால் தாண்டியதுதான்.

பத்து நாளில் திரும்பியிருக்க வேண்டும். என் கப்பல் கொதிகலன் வேலைக்காக நின்றிருந்ததால் நான் தினமும் துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் ரோந்துக் கப்பல் ஒன்று ஒரு மிதவை வளையத்தைக் கொண்டுவந்தது. அதில் 'கிங் ஆஸ்வின்' என்று எழுதியிருந்தது. நீரோட்டம் அதை வடகிழக்கே தள்ளி, மூடப்பட்ட மணல் பரப்பில் விட்டிருந்தது. அதை அங்கே கண்டெடுத்ததால், தடையை மீறி உள்ளே போய் அழிந்தது என்று அலுவலகம் முடிவு கட்டியது.

பதினாலாம் நாள் காலை ஹெட்டியின் சமையலறையில் நான் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கப்பல் ஆட்களின் மனைவிமாரும் மற்றப் பெண்களும் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவள் ரோடா, ஜாபெஸின் துணை ஸ்கிப்பருடைய மனைவி.

"உன் புருஷன் சாகணும்னா தனியாப் போய்ச் செத்திருக்கலாமேடி! போகாதேன்னு எழுதிப் போட்ட இடத்துக்கு எதுக்கு எங்க ஆம்பளைங்களை இழுத்துட்டுப் போனான்? நாலு மீனுக்கா?"

ஹெட்டி அடுப்போரமாக நின்றாள். அவள் குரல் நடுங்கவில்லை. "அவரு அங்க போகமாட்டாரு."

"ஹெட்டி சொல்றது சரிதான்" என்று பின்னாலிருந்து டார்க்கஸ் சொன்னாள். ஜாபெஸின் சிநேகிதனும் இன்னொரு கப்பலின் ஸ்கிப்பருமான கிளெமின் மனைவி அவள். "குழிக்குப் போறேன்னுதான் ஜாபெஸ் எங்க வீட்டுல சொல்லிட்டுப் போனாரு."

"அப்ப வளையம் எப்படி அங்க வந்துச்சு? பறந்தா வந்துச்சு?"

ஹெட்டி என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, கடைசியா அவர்கிட்டப் பேசினது நீதானே. நீ சொல்லு. அவரு தடையை மீறுற ஆளா?"

ஒரு தடவை ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். என் சான்றிதழ் பிழைத்திருக்கும். அப்படிச் செய்யலாமா என்று ஒரு கணம் யோசித்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

"மீறல" என்றேன். "வெடி குழியிலதான் இருந்துச்சு. நான்தான் ஆபீஸ்ல இடத்தை மாத்திக் காட்டினேன். அவன்கிட்ட நிஜத்தைச் சொன்னேன், அவன் நம்பல."

ரோடா மெல்ல ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

ஹெட்டி கேட்டாள்: "ஆபீஸ்ல எப்ப திருத்திச் சொன்ன?"

நான் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னும் சொல்லலையா?"

அப்போதுதான் டார்க்கஸ் என் சட்டையைப் பிடித்தாள். அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "கிளெம் இன்னைக்குக் காலையில அங்கதான் போயிருக்காரு. ஜாபெஸ் இடத்தைச் சொல்லிக் கொடுத்துட்டுப் போனாரு. வளையம் மணல்லதானே கிடைச்சது, குழிதான் பத்திரம், பலகையில அந்தப் பேரே இல்லைன்னு இவரு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"எவ்வளவு நேரம் ஆகும் அங்க போய்ச் சேர?" ஹெட்டி என்னைத்தான் கேட்டாள்.

"பதினோரு மணி நேரம். போய் நாலு மணி நேரம் ஆச்சு."

"எழுந்திரு" என்றாள் என் தங்கை.

அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். எனக்குப் பின்னால் அத்தனை பெண்களும் வந்தார்கள். வழியில் ஆண்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். அலுவலகத்தில் அன்றைக்கும் ஸ்கிப்பர்கள் நின்றிருந்தார்கள். எல்லார் முன்னாலும் சொன்னேன். லெப்டினன்ட் ஒரு கேள்வி கேட்டார், பென்சிலை எடுத்தார், குழியைச் சுற்றி ஒரு கோடு போட்டார், தொலைபேசியில் நாலு வரி பேசினார். ரோந்துக் கப்பல் உடனே கிளம்பும் என்றார். என் சான்றிதழைப் பற்றிப் பிறகு விசாரணை நடக்கும் என்று சொல்லி அடுத்த ஸ்கிப்பரைக் கூப்பிட்டார். குழிக்கு ஆறு மைல் முன்னாலேயே கிளெமை மறித்துத் திருப்பிவிட்டார்கள் என்று சாயங்காலம் தகவல் வந்தது.

ஆனால் அதற்கு முன், அந்த அலுவலக மேஜை அருகில், ஹெட்டி அசையாமல் நின்று அந்தப் பென்சில் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாங்கள் உள்ளே வந்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.

"இவ்வளவுதானாண்ணா வேலை?" என்று கேட்டாள்.