யார் போட்டோ

எங்கள் பக்கத்தில் ஒரு படத்தைக் காட்டி, "இது யார் போட்டோ?" என்று கேட்டால், படத்தில் இருக்கும் முகத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். எடுத்தவன் பெயர் யாருக்கும் தோன்றாது.

களஞ்சிய வேலையில் இறங்கிய பிறகு இது எனக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் சேத்தூர்க்காரர் ஒருவர் இணையத்தில் நம் வட்டாரத்துக்கென்று ஒரு கலைக்களஞ்சியம் தொடங்கியிருந்தார். தெரிந்ததை யாரும் எழுதி அனுப்பலாம், பிழை இருந்தால் யாரும் திருத்தலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே தங்கபாய் அக்கா நடத்தும் டைப்பிங் கடையில்தான் இந்தப் பக்கத்துக் கட்டுரைகள் வந்து சேரும். நான் அடித்து, மதுரைக்கு போன் போட்டு இணைய இணைப்பு கிடைக்கும்போது அனுப்புவேன். படங்களைச் சரிபார்க்கும் பொறுப்பும் எனக்கு. உரிமை இல்லாத படம் ஒன்றுகூட ஏறக் கூடாது என்பது சிங்கப்பூர்க்காரரின் கண்டிப்பு.

"இது யாருடைய படம்?" என்ற கேள்விக்கு வன்னியம்பட்டி வாத்தியார் ஒருவர், "பட்டாளத்தில் இருக்கும் என் தம்பி கருத்தப்பாண்டியுடைய படம்" என்று எழுதியிருந்தார். இன்னொருவர், "கண்மாயுடைய படம்" என்று எழுதினார். தங்கபாய் அக்கா சிரித்துச் சிரித்து, "கண்மாய்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்லுட்டி" என்றாள்.

அதனால் கேள்வியை மாற்றினேன். எடுத்தவர் யார், யார் சொல்லி எடுத்தார், யார் செலவில் எடுத்தார். கடைசி இரண்டும் எதற்கு என்று சிங்கப்பூர்க்காரர் கேட்டிருந்தார். சட்டம் அப்படி என்று மட்டும் பதில் போட்டேன். ஒரே ஒரு மனிதரின் வாயிலிருந்து அந்தப் பதில்களை வாங்குவதற்காக எழுதிய கேள்விகள் அவை என்று சொல்லவில்லை.

அந்த மனிதர் பொன்னுராஜ். இராஜபாளையத்தில் முல்லைக்கொடி சர்ஜிகல்ஸ் முதலாளி. பேண்டேஜ் துணியில் தொடங்கி, பெண்களுக்கான மாதவிலக்கு பேடு போட்டுப் பெரிய ஆளானவர். ஊரில் உள்ள கம்பெனிகளுக்கெல்லாம் களஞ்சியத்தில் பக்கம் வருகிறது என்று கேள்விப்பட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. வருவார் என்று தெரியும். காத்திருப்பது எனக்குப் பழகிய வேலை.

தொண்ணூற்றொன்பது தை முடிந்த சமயம் வந்தார். கம்பெனியின் பதினைந்தாம் ஆண்டு விழா வருகிறதாம். பத்திரிகையிலேயே, "இணையக் களஞ்சியத்தில் நமது நிறுவனம்" என்று போட்டாகிவிட்டதாம். கட்டுரையோடு கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாக்கெட்டையும் மேசையில் வைத்தார்.

"மொதப் பாக்கெட்டு. இந்தப் படம் அவசியம் வரணும்மா. கடையில வந்து கம்பெனி பேரா கேக்காங்க? 'அந்தப் பிள்ள படம் போட்டதக் குடுங்க'ன்னுதான் கேக்காங்க. பதினஞ்சு வருசமா இந்த மூஞ்சிதான் சோறு போடுது."

பாக்கெட்டில் ஒரு பெண். தலையில் நர்ஸ் தொப்பி வரைந்திருந்தார்கள். உதட்டில் லேசான சிரிப்பு. பதினெட்டு வயதில் நான் அப்படித்தான் சிரிப்பேன்.

"படத்துல இருக்கது யாரு அண்ணாச்சி?"

"யாரோ மெட்ராஸ் மாடல்."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் என்னைப் பார்த்தார். தினமும் லாரி லாரியாக அனுப்பும் முகம் எதிரே உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடி போட்டு, கன்னம் ஒட்டிப்போன ஒரு டைப்பிஸ்டுதான் அவருக்குத் தெரிந்தாள்.

"எடுத்தவரு வந்து சொல்லணும் அண்ணாச்சி. யாரு சொல்லி எடுத்தாரு, யாரு செலவுன்னு."

"எங்க கம்பெனி படத்துக்கு எவன்கிட்டம்மா கேக்கணும்?"

"விதிமுறை. எல்லாருக்கும் ஒண்ணுதான்." அச்சடித்த தாளைக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

எண்பத்து நாலில் நான் இராஜபாளையத்தில் ஒரு மில்லில் நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் இருந்தேன். சேத்தூரில் போலீஸ் வேலை பார்த்த ஒருவர் வீட்டில் என்னைப் பெண் கேட்டார்கள். போட்டோ வேண்டும் என்றார்கள். ஷிப்டு முடிந்த கையோடு சங்கையா ஸ்டூடியோவுக்குப் போய், என் சம்பளத்தில் எடுத்துக்கொண்டேன். படம் பிடித்துப்போய் நாள் குறிக்கிற வரைக்கும் வந்துவிட்டது.

பிறகு ஒரு நாள் மாப்பிள்ளையின் அத்தை வந்தார். காபி வேண்டாம் என்றார். முந்தானையில் சுற்றி வைத்திருந்த பாக்கெட்டை எடுத்துத் தரையில், என் முகம் மேலே தெரியும்படி வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கல்யாணம் அதோடு நின்றது. அந்தப் பாக்கெட்டைக் கடைக்காரர்கள் பேப்பரில் சுற்றி, நூல் கட்டி, யாரும் பார்க்காமல் கொடுத்த காலம் அது. மில் வாசலில் பையன்கள், "ஏலே, பாக்கெட்டு வருதுலே" என்பார்கள். உள்ளே பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

என் அம்மா அழகுத்தாய் கம்பெனிக்குப் போய்க் கேட்டாள். பொன்னுராஜ் அவளை உட்காரச் சொல்லவில்லை. "நெகட்டிவ் ஸ்டூடியோக்காரனுது. அவன்கிட்ட வெலைக்கு வாங்கியாச்சு. ஒம் மக மூஞ்சி மட்டுந்தான் ஒங்களுது, போட்டோ எங்களுது. போ தாயி" என்றாராம். அம்மா அதை நம்பினாள். நானும் நம்பினேன். படித்தவர்கள் சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம். இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்துவிட்டோம். நான் டைப்பிங் கற்றேன். சாயங்காலங்களில் கிளை நூலகத்தில் உட்கார்ந்திருப்பேன். பேச வேண்டியதில்லை என்பதால் அந்த இடம் பிடித்திருந்தது. அம்மா கடைசிவரை மருந்துக் கடை இருக்கும் பக்கம் நடக்க மாட்டாள்.

அவள் போன மறு வருடம் ஒரு வக்கீல், காலண்டர் படம் பற்றிய வழக்கு ஒன்றை அடிக்கக் கொடுத்தார். அதில் சட்டத்தின் ஒரு பிரிவை எடுத்து எழுதியிருந்தார். ஒருவர் கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே உரிமையாளர். பாதி வரியில் என் கை நின்றது. "கரண்டு போயிருச்சா?" என்று உள்ளேயிருந்து தங்கபாய் அக்கா கேட்டாள். இருக்கிறது என்றேன். மீதியை அடித்து முடித்தேன். அதன் பிறகு பல மாதம் யாரிடமும் சொல்லவில்லை. இரவில் படுக்கும்போது அந்த வரியை நினைத்துக்கொள்வேன். சாமி கும்பிடுவதுபோல் என்று சொல்ல முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் நினைத்தேன்.

பொன்னுராஜ் தாளை வாங்கிப்போன அடுத்த வாரமே ஸ்டூடியோ சங்கையாவைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். தாளில் இருந்த கேள்விகளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். உட்காரும் முன்பே ஆரம்பித்தார்.

"இவருதான் எடுத்தது. நாஞ்சொல்லி, நான் துட்டு குடுத்து எடுத்தது. சொல்லும்யா."

சங்கையாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. "ஆமா தாயி, மொதலாளி சொல்லித்தான்" என்றார், தரையைப் பார்த்து.

தங்கபாய் அக்கா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு என் கதை தெரியும். நான் பொன்னுராஜ் விட்டுப்போயிருந்த கண்ணாடிச் சட்டத்தை எடுத்து, பாக்கெட்டைச் சங்கையாவின் பக்கம் திருப்பி வைத்தேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இது யார் போட்டோ?"

அவர் படத்தைப் பார்த்தார். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தேன். என் மோவாயில் ஒரு மரு உண்டு. படத்தில் கிடையாது. அவருடைய கண் என் மோவாயில் வந்து நின்றது. வெளியே ஒரு டவுன் பஸ் நின்று, ஆள் ஏற்றி, போயிற்று.

"அந்த மருவ நாந்தான் நெகட்டிவ்ல பென்சில் வச்சு அழிச்சேன்" என்றார் மெதுவாக. "மில்லுலேருந்து நேரா வந்துச்சு இந்தப் பிள்ள. தலையெல்லாம் பஞ்சு. நாந்தான் துண்டால தட்டி விட்டேன்."

"யோவ்" என்றார் பொன்னுராஜ்.

"யாரு சொல்லி எடுத்தீங்க?"

"நீதாந்தாயி சொன்ன. கல்யாணத்துக்குன்னு."

"துட்டு?"

"நீதான் குடுத்த."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். தங்கபாய் அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள். என் பக்கத்தில் ஒரு சொம்பு நிறைய இருந்தது. நான் அதை எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் அழட்டும் என்று இருந்தது. நெகட்டிவை விற்ற அன்று அவர் அழுதிருக்க மாட்டார்.

பொன்னுராஜ் பாக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பாக்கெட்டைப் பார்த்தார். அப்போதுதான் முகம் தெரிந்தது அவருக்கு. சங்கையாவை விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். பாவம், கிழவர் பஸ்ஸில்தான் போக வேண்டியிருந்தது என்று அக்கா பிறகு சொன்னாள்.

பொன்னுராஜ் மூன்றாம் முறை தனியாக வந்தார். வக்கீலைப் பார்த்திருக்கிறார். வழக்காடினால் இழுத்தடிக்கலாம், ஆனால் விஷயம் பேப்பரில் வரும், பேடு பாக்கெட்டின் பெயரும் சேர்ந்து வரும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். இந்த முறை என்னை 'நீங்க' என்றார்.

"என்ன வேணும்னு சொல்லுங்கம்மா. முடிச்சுக்கிடுவோம்."

"படத்த எடுத்துருங்க."

"களஞ்சியத்துலதான? சரி, போட வேண்டாம்."

"பாக்கெட்டுலருந்து. போர்டு, வேனு, காலண்டரு எல்லாத்துலருந்தும்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அத எடுத்தா யாவாரம் படுத்துரும்மா."

"படுக்கட்டும்."

"அம்புட்டுப் பொம்பளைக வேல பாக்காங்க. அவுக வயித்துல அடிக்கப் பாக்கீகளே."

அது எனக்குத் தெரியாததல்ல. அந்தப் பெண்களும் ஷிப்டு முடிந்து தலையில் பஞ்சோடுதான் வெளியே வருவார்கள். நான் இறங்கி வருகிறேன் என்று நினைத்து அவர் காத்திருந்தார். சுவரில் பல்லி ஒன்று ஓடி டியூப்லைட்டுக்குப் பின்னால் போனது. என் மனம் இளகுகிறதா என்று நானே பார்த்துக்கொண்டிருந்தேன். இளகவில்லை.

"அவங்கள்ல ஒருத்தி மூஞ்சியையும் கேக்காமப் போட்டுறாதீங்க" என்றேன். "எங்கம்மாவ நீங்க உக்காரச் சொல்லல அண்ணாச்சி. நான் ஒங்கள உக்கார வச்சுத்தான் சொல்லுதேன்."

எல்லாவற்றிலிருந்தும் படத்தை எடுத்துவிடுவதாக அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். தங்கபாய் அக்கா சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

கட்டுரையை நான்தான் அடித்தேன். ஒரு வார்த்தை குறைத்தோ கூட்டியோ எழுதவில்லை. கம்பெனி தொடங்கிய வருடம், தறிகள், எந்தெந்த ஊருக்குச் சரக்கு போகிறது, எல்லாம் அவர் கொடுத்தபடியே. முதல் பாக்கெட்டுக்கு விட்டிருந்த கட்டத்தைக் காலியாகவே வைத்தேன். அதன் கீழே, "படம் சேர்க்கப்படவில்லை. உரிமையாளர் அனுமதி மறுத்துவிட்டார்" என்று அடித்தேன்.

அக்கா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "உரிமையாளர்னா யாருன்னு தெரிய வேண்டாமாட்டி?"

என் பெயரைப் போட்டால் பழைய கதை கிளம்பும். மில் வாசல் பையன்கள் இப்போது பிள்ளை பெற்றவர்கள், அவர்களும் படிப்பார்கள். விரல் விசைப்பலகைமேல் அப்படியே இருந்தது. பிறகு 'உரிமையாளர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'செல்லக்கனி' என்று அடித்து அனுப்பினேன்.

விழாவில் களஞ்சியப் பக்கத்தைக் காட்டக் கம்ப்யூட்டர் கொண்டுபோகும் வேலை முன்பே தங்கபாய் அக்காவுக்குப் பேசியிருந்தது. பத்திரிகையில் போட்டுவிட்டதால் பொன்னுராஜால் நிறுத்தவும் முடியவில்லை. நான் போகவில்லை. அக்கா திரும்பி வந்து, கொண்டையை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எல்லாரும் சுத்தி நின்னு பாத்தாங்கட்டி. கட்டம் காலியா இருந்துச்சா, அதான் பெருசாத் தெரிஞ்சுது. மில்காரர் ஒருத்தரு, 'அண்ணாச்சி, அது யாரு செல்லக்கனி, ஒங்க படத்துக்கு ஒங்களுக்கே இல்லங்காக?'ன்னு கேட்டாரு."

"அவரு என்ன சொன்னாரு?"

"என்னத்தச் சொல்ல? வேர்த்துக் கொட்டுது. துண்ட எடுத்து மூஞ்சிய மூடிக்கிட்டாரு."

கடையில் வேறு யாரும் இல்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"மொதல்லருந்து சொல்லுங்கக்கா" என்றேன். "மெதுவா."