எட்வேட் சேர் கேட்ட சமநிலை

முபீன் நானாவை நம்பினேன் பாருங்கள், என்னைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் தாராபுரம் கழகத்துக்கும் வங்காலைக் கழகத்துக்கும் தொடரின் கடைசிச் சதுரங்கப் போட்டி. அணிக்கு நான்கு பேர். அணித்தலைவர் முபீன் நானா முதலாம் மேசை, நான் நாலாம் மேசை. பெட்டை என்றால் கடைசி மேசைதான், கேட்கவே வேண்டாம். தொடரில் கூடுதல் புள்ளி எடுப்பவர் மாவட்ட அணியில் வவுனியாவுக்குப் போகலாம். கழகத்துக்கு ஒரே ஒரு இடம். எனக்கும் முபீன் நானாவுக்கும் அதுவரை நாலு நாலு புள்ளி. அந்த இடத்துக்காக ஒரு வருடம் மாய்ந்திருக்கிறேன்.

எதிரே வங்காலையின் எட்வேட் சேர். நான் நடுச் சிப்பாய்களைத் தொடவில்லை. ராணிப் பக்க மந்திரியின் முன்னால் நின்ற சிப்பாயைத் தள்ளி, ஓரத்திலிருந்தே நெருக்கினேன். மனிதர் நடுவைப் பிடித்த சந்தோஷத்தில் இருந்தார். இரண்டு மணி நேரத்தில் அந்த நடு நொறுங்கி, அவருடைய குதிரை ஒன்றும் என் கைக்கு வந்தது.

"சமநிலை எடுப்பமோ, பிள்ளை?" என்றார். வேறென்ன கேட்பார், பாவம்!

தன் ஆட்டத்தைச் சமநிலையில் முடித்துவிட்டு முபீன் நானா எனக்குப் பின்னால் வந்து நின்றார். மூன்று மேசைகள் முடிந்து அணிக்கு இரண்டுக்கு ஒன்று; இன்னும் அரைப் புள்ளி வந்தால் கிண்ணம் எங்களுக்கு.

"எடுங்கோ ஷப்னா," என்றார்.

"நான் வெல்லப்போறன் நானா."

"பிறகு பிழைச்சா ஆர் பதில் சொல்றது? எடுங்கோ."

அணித்தலைவர் சொன்னால் கேட்பதுதான் வழக்கம். கை கொடுத்தேன்.

கைதட்டல் அடங்கியதும் நடுவர் பட்டியலை வாசித்தார். இருவருக்கும் நாலரை. புள்ளி சமமானால் மேல் மேசைக்காரருக்கே இடமாம். விதித்தாளைத் தலைவர்களுக்கு மட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள்.

முபீன் நானாவின் பக்கம் திரும்பினேன். "உங்களுக்கு முதலே தெரியும்தானே?"

"ஓம், தெரியும். அதுக்கென்ன? பொம்பிளைப் பிள்ளைய உங்கட வாப்பா வவுனியாவுக்கு விடுவாரோ?"

"அவரிட்டக் கேட்டீங்களோ?"

வாப்பா காலையிலேயே கையெழுத்து வைத்துத் தந்த சம்மதக் கடிதத்தை அவர் முன்னால் விரித்தேன். வாசித்துவிட்டு மடித்துத் தந்தார்.

"கிண்ணம் கிடைச்ச நாளில சண்டை வேணாம், ஷப்னா," என்றான் இரண்டாம் மேசைச் சனூன். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ச்சீ, இவர்களோடா ஒரு வருடம் விளையாடினேன்!

கைபேசி அடித்தது. வாப்பா.

"வெண்டிட்டீங்களாமே மகள்! எப்ப வவுனியாவுக்குப் போகோணும்? நானும் லீவு போட்டுட்டு வாறன்."

"முபீன் நானா போறார் வாப்பா," என்றேன்.