லட்சுமணன் இடுப்பில் ஒரு பெட்டி

லட்சுமணனுக்கு இருமல் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. டெல்லி துவாரகாவில் பழைய ஃபிளாட்டுகளைப் புதுப்பிக்கிற இடங்களில் கிரானைட் அறுக்கிறவன். அறுக்கிற தூசிதான் நெஞ்சைத் தின்கிறது என்று அவன் பெண்டாட்டி பவுனு தலைபாடாக அடித்துக்கொண்டாள். டெல்லியில் எவன் இருமாமல் இருக்கிறான் என்று அவன் அவள் வாயை அடைத்துவிடுவான்.

அப்போதுதான் முனிர்காவில் தங்கிப் படிக்கிற கௌதமன், சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான். ஒரு மனுஷன் எந்த மணியில், எந்த இடத்தில், எவ்வளவு கெட்ட காற்றைக் குடிக்கிறான் என்று கணக்குப் போடுகிற படிப்பாம். ஏழு நாள் இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொன்னான்.

எட்டாம் நாள் பெட்டியின் கணக்கைக் கம்ப்யூட்டரில் திறந்த கௌதமன் குழம்பிப்போனான். வேலை நேரத்துக் காற்று மலைக்காற்று மாதிரி சுத்தம். சாயங்காலம் வீட்டில்தான் கெட்ட காற்றைக் காட்டுகிற கோடு ஏறியிருந்தது.

“கேட்டுக்க புள்ள. என் வேலையில குத்தமில்ல, உன் அடுப்புலதான் இருக்கு” என்றான் லட்சுமணன்.

பவுனுவுக்குச் சுருக்கென்றது. இனி ஆயுசுக்கும் இதையே சொல்லிக்கொண்டு இருமி இருமி அறுப்பான். அவளும் அவன் வேலை செய்கிற இடத்திலேயே கல் சில்லு அள்ளுகிறவள்தான். கண்ணால் பார்த்ததைப் போட்டு உடைத்தாள். மிஷினைப் போடுவதற்கு முன்னால் பெட்டியைப் பாலிதீன் கவரில் சுற்றி, ரப்பர் பேண்டும் போட்டுத்தான் கட்டிக்கொள்வானாம்.

“அடுத்தவங்க பொருளாச்சே. தூசி உள்ள போயிட்டா?” என்றான் லட்சுமணன்.

“தூசி போறதுக்குத்தான் அண்ணே அது” என்றான் கௌதமன்.

மறுவாரம் கவர் இல்லை. தினமும் பத்து மணிக்குக் கோடு பனைமரம் மாதிரி நிமிர்ந்தது. அடுப்பு அதன் பக்கத்தில் சின்ன வரப்பு. வெள்ளிக்கிழமை பகலில் மட்டும் கோடு எழும்பவே இல்லை. அன்றைக்கு லீவா என்று கேட்டான் கௌதமன். இல்லை என்றாள் பவுனு. கீழ்வீட்டம்மா தூசிக்குச் சண்டை பிடித்ததால், தூசி பறக்காமல் அறுக்கிற, தண்ணீர்க் குழாய் வைத்த மிஷினை மேஸ்திரி அன்றைக்கு மட்டும் எடுத்துக் கொடுத்தாராம். சேறாகிறது, வேலை இழுக்கிறது என்று மறுநாளே அதை மூலையில் தள்ளிவிட்டாராம்.

லட்சுமணன் வெள்ளிக்கிழமைக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தான்.

திங்கட்கிழமை அவனே அந்தத் தண்ணீர் மிஷினைக் கேட்டு மேஸ்திரியிடம் போய் நின்றான். ஜல்தி ஜல்தி என்று பறக்கிற மனுஷன், சேற்றை யார் அள்ளுவது என்று எரிந்து விழுந்தார்.

“என் பொண்டாட்டி.”

“ஓகோ, நான் மட்டுமா?” என்றாள் பவுனு.

“சரி, ரெண்டு பேரும்.”

மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே மிஷினை எடுத்துவிட்டார். பவுனு குழாயைத் திறந்தாள். கல்லிலிருந்து பால் மாதிரி சேறு வழிந்தது. லட்சுமணன் இருமத்தான் செய்தான். ஆனால் சோற்று வேளைக்குள் நாலே தடவை. பவுனு எண்ணிக்கொண்டே சேறு அள்ளினாள்.