கூரை வேலைக்காரர்

ரோவேனா கட்டிலின் நீலப் போர்வையை எடுத்துக் கயிற்றில் தொங்கவிட்டு, அதன் முன்னால் மேசையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் இருக்கும் அடுப்பும் குடமும் திரையில் தெரியக்கூடாது. கப்பலில் பரிமாறப் போகிறவர்களும் அயல்நாட்டில் முதியோரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களுமாகப் பன்னிரண்டு பேர் மடிக்கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிந்தார்கள். பதின்மூன்றாவது கட்டத்தில் பயிற்சி நிலையத்தின் முதலாளி மேடம் கொன்சூலோ. இன்று சோதனை வகுப்பு. இது தேறினால் வேலை நிரந்தரம்.

பாடம், சாப்பிடுவது பற்றிய ஆங்கிலச் சொற்கள். கொறிப்பது, மெல்லுவது, மடமடவென்று குடிப்பது, மிச்சம் வைப்பது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறு பேச்சு கிடையாது என்பது மேடம் கொன்சூலோவின் சட்டம்.

ஒரு முதியவருக்குப் பரிமாறும்போது எப்படிக் கேட்பது என்று ரோவேனா சொல்லிக்கொண்டிருந்தபோது மாணவர்களின் பார்வை அவள் தோளுக்குப் பின்னால் போயிற்று. யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தாள். கடற்காற்று போர்வையை ஒரு பக்கமாக ஒதுக்கியிருந்தது.

அங்கே அவள் கணவன் டெல்பின். அன்று படகுகள் வரவில்லையென்று கருவாட்டுக் களத்திலிருந்து சீக்கிரமே வந்துவிட்டான். பெஞ்சில் ஒரு காலை மடித்து உட்கார்ந்து, சோற்றோடு கருவாட்டைக் கையால் பிசைந்துகொண்டிருந்தான். பக்கத்தில் தொட்டுக்கொள்ள மிளகாய் போட்ட புளித்த காடி. சட்டை இல்லை. பன்னிரண்டு பேர் தன்னைப் பார்ப்பதை அவனும் பார்த்துவிட்டான். சாப்பிடுகிறவன் கண்ணில் பட்டவரைக் கூப்பிடாமல் இருந்தால் அவனை என்ன பிறவி என்பார்கள்? தட்டை உயர்த்திக் காட்டினான்.

“வாங்க வாங்க, எல்லாரும் சாப்பிடலாம்!” என்றான் ஊர்ப் பேச்சில், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு.

“இருக்கட்டும் அண்ணே, நீங்க சாப்பிடுங்க!” ஒரு கட்டத்திலிருந்து பழக்கத்தில் பதில் வந்துவிட்டது. இன்னொருவன், “கருவாடு வாசனை இங்க வரைக்கும் வருது, அண்ணே!” என்றான்.

மேடம் கொன்சூலோ சிரிக்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “யார் அது, மிஸ் ரோவேனா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ரோவேனாவுக்கு முகம் கொதித்தது. யோசிக்கக்கூட நேரமில்லை; வாய் முந்திக்கொண்டது.

“மன்னிக்கவும், மேடம். கூரையைச் சரிசெய்ய வந்த ஆள்.”

அவளும் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். ஆனால் டெல்பின் பள்ளிக்கூடம் போனவன். அவனுக்குப் புரியாத வாக்கியமில்லை. பிசைந்த கை அப்படியே நின்றது. ஒரு நொடிதான். பிறகு தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தான்.

“மன்னிச்சுக்குங்க மேடம், வேலையைப் பார்க்கிறேன்” என்று ரோவேனாவைப் பார்த்தே சொன்னான். கிண்டலாகச் சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். மரியாதையாகச் சொன்னான்.

வெளியே ஏணி சாத்தப்படும் ஓசை. பிறகு தலைக்கு மேலே தகரத்தில் சுத்தியல். டங், டங், டங்.

அவள் பொய் சொன்னாள் என்று யாரும் கண்டுபிடித்துவிடக்கூடாதே என்று, உச்சி வெயிலில், வெறும் உடம்போடு தகரத்தின் மேல் ஏறியிருக்கிறான். அந்தத் தகரத்தில் இந்நேரம் முட்டை உடைத்து ஊற்றினால் வெந்துவிடும்.

“மிச்சம் வைப்பது” என்று அடுத்த சொல்லைப் படித்தாள். “யார் வாக்கியம் சொல்கிறீர்கள்?”

கப்பலுக்குப் போகும் அர்னுல்போ கையைத் தூக்கினான். “கூரை வேலைக்காரர் சாப்பாட்டை மிச்சம் வைத்துவிட்டுப் போனார்.”

“சரி” என்றாள்.

ஜோவலின் என்ற பெண் விடவில்லை. “எங்கள் வீட்டில் வேலைக்கு வருகிறவர் முதலில் சாப்பிடுவார், பிறகுதான் நாங்கள். இது சரியான வாக்கியமா, மிஸ்?”

“சரியான வாக்கியம்.”

மேலே சுத்தியல் ஓயவே இல்லை. வகுப்பு முடியும் வரை அவள் ஒவ்வோர் அடியையும் தன் மண்டையில் வாங்கிக்கொண்டாள். எல்லோரும் போன பிறகு மேடம் கொன்சூலோ மட்டும் நின்று, “இரைச்சல்தான் கொஞ்சம். மற்றபடி நன்றாக நடத்தினாய். நாளையிலிருந்து வேலையில் சேர்ந்துகொள்” என்று சொல்லிவிட்டு மறைந்தார்.

ரோவேனா ஓடிப்போய் ஏணியைப் பிடித்தாள். டெல்பின் இறங்கினான். முதுகு சிவந்து கன்றியிருந்தது. உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

“கெடைச்சுதா?” என்றான்.

“கெடைச்சுது.”

“நல்லதாப் போச்சு.” உண்மையாகவே அவன் முகம் மலர்ந்தது. தொட்டித் தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு கேட்டான்: “அப்போ நாளைக்கும் நான் மேல ஏறணுமா? இல்ல, வகுப்பு முடியற வரைக்கும் வெளியவே இருக்கட்டுமா? எப்படின்னு சொல்லிடு. அதுக்குத் தக்கன வரேன்.”

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே ஏற்பாடு கேட்டான். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

“ஏன் என்னைத் திட்டமாட்டேங்கிற? நாலு வார்த்தை கேளேன், டெல்பின்!”

“என்னத்தைக் கேக்கறது?” ஈரத்தை வழித்துக்கொண்டே சொன்னான். “இன்னைக்கு வேணாம். கேட்டா பெரிசாயிடும்.”

அவள் அங்கேயே நின்று கைப்பேசியை எடுத்தாள். மேடம் கொன்சூலோ எடுத்ததும், சட்டத்தை மறந்து ஊர்ப் பேச்சிலேயே சொன்னாள்.

“மேடம், கூரை மேல இருந்தது வேலைக்காரர் இல்ல. என் வீட்டுக்காரர். எனக்கு வெக்கமா இருந்துச்சு, அதான் பொய் சொல்லிட்டேன்.”

மேடமும் ஊர்ப் பேச்சுக்கு வந்துவிட்டார்.

“அந்த வெயில்லயா ஏத்தின? அடிப் பாவி! என்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? அந்தப் பன்னிரண்டு பேரும் அவரைக் கூலின்னுதானே நெனச்சுக்கிட்டிருக்காங்க? நாளைக்கு வகுப்புல மொதல்ல அதைச் சொல்லு. சொன்னப்புறம் வேலையைப் பத்திப் பேசலாம்.”

டெல்பினுக்கும் கேட்டிருக்கும். சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினான்.

“சாப்பிடலியே நீ” என்றாள்.

“பசிக்கல. களத்துல போட்டது காயுதான்னு பாத்துட்டு வரேன்.”

வேலியோரம் அடுத்த வீட்டு நிமியா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். “என்னப்பா டெல்பின், உச்சி வெயில்ல தகரத்து மேல கூத்து? பைத்தியம் கியித்தியம் புடிச்சிருச்சா?”

“கூரையைச் சரி பண்ணணும்னு என் பொண்டாட்டி சொன்னா” என்றான் டெல்பின், நடந்துகொண்டே. “அவதான் டீச்சரம்மா ஆயிட்டாளே! சொன்னா கேக்கணும்ல?”

நிமியா சிரித்துக்கொண்டே வேலிக்கு மேல் எட்டி ரோவேனாவைப் பார்த்தாள். ரோவேனா தலையைத் தூக்கவில்லை.