தரை ஆடிய காலை

பாம்ம்ம்!

தீவின் சாத்தம் படகுத்துறையில் போட்டின் ஹாரன் அலறியதும் என் பேனா நழுவிக் கடலில் விழுந்தது. இந்தக் கதை அப்படித்தான் தொடங்கியது. எதிர்ப் பலகையில் இருந்த பெண் தன் பேனாவைக் கொடுத்தாள். பெயர் வைஜெயந்தி என்றாள். எதிர்க்கரையான பாம்பூஃப்ளாட்டில் எல்லோரும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை, அதே போட்டில் திரும்பிப் போனாள். மறுநாளும் அப்படியே.

1

‘காதலன் கரையில் காத்திருந்தான், ஆனால் அவள்…’

(வேண்டாம். பதினெட்டு வருடம் வாரப் பத்திரிகைக்கு எழுதிய கைக்கு முதலில் காதலன்தான் வருகிறான்.)

2

மூன்றாம் நாள் மாலை, ஏன் இறங்குவதில்லை என்று போட்டிலேயே கேட்டுவிட்டேன்.

மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த கிளார்க் அவள். (எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.) கப்பலிலிருந்து இறங்கிய மாலுமி குணா தள்ளாடுவதைப் பார்த்து, ‘குடித்திருந்தார்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவருக்கு சஸ்பென்ஷன். நாளை விசாரணை. வேலையே போகலாம்.

“போன வாரம் ஹட் பே தீவுக்குப் போயிட்டு நானே கப்பல்ல வந்தேன் சார். அபர்டீன் பஜார்ல நிக்கறேன், தரை ஆடுது. தக்காளிக் கூடை ஆடுது. காய்க்காரம்மா, ‘க்யா மேடம், காலங்காத்தாலேயே தண்ணியா?’ன்னு சிரிக்குது.”

புகாரை வாபஸ் வாங்கும் லெட்டர் கைப்பையில் இருந்தது. முதலில் குணாவிடம் நேரில் சொல்ல வேண்டுமாம். அவர் வீடு பாம்பூஃப்ளாட்டில்.

“அப்போ இறங்குங்களேன்.”

“என்னன்னு சார் சொல்றது? பார்த்தது நிஜம். நினைச்சதுதான் தப்பு.”

3

‘இரக்கமற்ற வைஜெயந்தி’ என்று மனதில் எழுதிவைத்திருந்ததை அங்கேயே அடித்தேன். என் தொடர்களில் யாரும் பாதியில் மனம் மாறியதில்லை. மாறினால், ‘பாத்திரம் தடுமாறுகிறது’ என்று வாசகர்கள் கடிதம் போடுவார்கள். தடுமாறட்டுமே. கடலைத் தாண்டி வந்த காலுக்குத்தான் தரை ஆடும்.

முடிவு ஒன்று: அவள் லெட்டரைக் கிழித்து…

(இல்லை. இதை எழுதுவது அவள் பேனா.)

4

அதே சாயங்காலம், மழை இறங்கியது. வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறம். போட் எதன்மேல் மிதக்கிறது என்றே தெரியவில்லை. பாம்பூஃப்ளாட் துறையில், ஊருக்குள் போக அதே போட்டுக்காகக் கால்களை அகட்டி நின்றிருந்தார் ஒருவர்.

வைஜெயந்தி எழுந்தாள்.

“குணா சார்… எனக்கும் தரை ஆடுச்சு. நான் நினைச்சது தப்பு.”

போட் துறையில் இடித்தது. அவள் கால் தடுமாறியது. அவர் கை நீட்டினார்.

சிரித்தாரா, முறைத்தாரா என்பதை உங்களிடமே விடுகிறேன், நாளைய விசாரணையையும்தான். என் காதில் விழுந்தது இவ்வளவே:

“சம்பல்கே, மேடம், பாத்து! குடிச்சிருக்கீங்கன்னு எவனாச்சும் எழுதிக் குடுத்துரப் போறான்.”