மேலடுக்கிலிருந்து வந்த காற்று

தன் கணவன் க்ளெப் பலூனில் ஏறி வானத்தின் மேலடுக்குக்குப் போகப்போகிறான் என்று லெனின்கிராட் பத்திரிகைகள் எழுதியபோது, தைஸ்யாவுக்குப் பெருமையைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. அவள் வேதியியல் படித்தவள். காற்றாய்வுக் கூடத்தில் வேலை. க்ளெப் மேலிருந்து காற்றுப் பிடித்து வருவதற்கான கண்ணாடிக் குடுவைகளை அவள்தான் தயார் செய்துகொண்டிருந்தாள்.

பல குடும்பங்களுக்குப் பொதுவான அடுப்படியில், பக்கத்து அறைக்காரர்கள் காதில் விழாதபடி தணிந்த குரலில் கேட்டாள்.

"தை மாசக் குளிர்ல யாராவது பலூன் விடுவாங்களா? கோடை வரைக்கும் பொறுத்தா என்ன குடி முழுகிடும்?"

"கட்சி மாநாடு இப்பத்தானே கூடுது. தள்ளிப் போடச் சொல்றியா? நீயே போய்ச் சொல்லிட்டு வா. அதுவரைக்கும் நான் கஞ்சி அடிப்பிடிக்காம பார்த்துக்கறேன்."

"விளையாடாத க்ளெப். மேல வெயில் பட்டு வாயு விரியும், மிஞ்சினதை வெளிய விடுவீங்க. பொழுது சாஞ்சா அது சுருங்கிப்போகும். அப்ப எறியறதுக்கு மணல் மூட்டை கையில இல்லேன்னா கல்லு மாதிரி விழுவீங்க."

"மணல் மிச்சம் வைப்பேன். போதுமா?" என்று அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டான்.

ஆய்வுக்கூடமே அந்தக் குடுவைகளுக்காகக் காத்திருந்தது. தலைவர் பிளாத்தோன் இக்னாத்யெவிச் நெடுங்காலமாக ஒரு கருத்தைச் சொல்லிவந்தார். மேகமும் புயலும் கீழடுக்கைக் கலக்கியபடி இருக்கின்றன, அதனால் அங்கே காற்று எங்கும் ஒரே கலவை. அதற்கு மேலே கலக்கமே கிடையாது. அசையாமல் நிற்கும் இடத்தில் கனமான வாயு கீழே தங்கும், லேசானது மேலே போகும். ஆகவே அங்கே ஆக்சிஜன் குறைந்தே தீரும். இதை வைத்துப் புத்தகமே எழுதியிருந்தார். அங்கிருந்து காற்றைப் பிடித்து வந்து பார்த்தவர்கள்தான் இல்லை.

பலூன் விடியலில் ஏறியது. க்ளெப்பும் எர்மில் என்ற ஓட்டுநரும் காற்றுப் புகாத உலோகக் கூண்டுக்குள் இருந்தார்கள். குடுவைகள் கூண்டின் வெளிப்புறத்தில், கம்பளி சுற்றிய பெட்டியில் தொங்கின. உள்ளிருந்தே பிடியைத் திருப்பிக் குடுவைகளின் வாயைத் திறந்து மூடலாம்.

மைதானத்துக் கொட்டகையில், வானொலிப் பெட்டியருகே தைஸ்யா நின்றாள். நண்பகலுக்குச் சற்றுப் பிறகு க்ளெப்பின் குரல் கரகரத்து வந்தது.

"குடுவை எல்லாம் திறந்து மூடியாச்சு. இங்க வானம் மை கொட்டின மாதிரி இருக்கு. தைஸ்யா இருக்காளா அங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள், பலூன் குழுவின் பொறுப்பாளர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார். "அபாரம் தோழரே! இன்னும் கொஞ்சம் ஏற முடியுமா? மாநாட்டுல எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க."

"ஏறலாம். மணலைக் கொட்டணும்."

"கொட்டுங்க. அயல்நாட்டுக்காரன் இனிமே தொடவே முடியாத உயரமா இருக்கட்டும்."

தைஸ்யா பொறுப்பாளரின் முழங்கையைப் பிடித்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"சரி" என்றான் க்ளெப்.

பிறகு வானொலியில் இரைச்சல் மட்டும்தான் வந்தது. குளிர்காலப் பொழுது சீக்கிரம் சாய்ந்தது. பனி மூடிய வயலில் கூண்டு புதைந்து கிடந்ததை விறகு ஏற்றிப்போன குடியானவர்கள் பார்த்தார்கள். உள்ளே இருவருக்கும் உயிரில்லை.

அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. உரைகள் நீண்டன. அது முடிந்த வாரத்தில், கூண்டோடு கிடைத்த பெட்டியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். கண்ணாடி தூள்தூளாகியிருந்தது. ஒரே ஒரு குடுவை மட்டும் கம்பளிக்குள் கீறலில்லாமல் இருந்தது. அதன் வாய் இறுக மூடியிருந்தது.

"வேற யாரையாவது செய்யச் சொல்றேன், தைஸ்யா பாவ்லோவ்னா" என்றார் பிளாத்தோன்.

"வேண்டாம். கட்டி அனுப்பினவ நான். நானே திறக்கறேன்."

பாதரசத் தொட்டியில் குடுவையைத் தலைகீழாக அமிழ்த்தி வாயைத் திறந்தாள். பாதரசம் சரசரவென்று உள்ளே ஏறிற்று. ஏறிக்கொண்டே போய், உச்சியில் அரைக் கோப்பை அளவுக்கு இடம் விட்டு நின்றது. அந்த இடத்தில் இருந்ததுதான் க்ளெப் பிடித்த காற்று. மேலே அது குடுவை முழுக்கப் பரவியிருந்தது. இங்கே தரைக் காற்றின் அழுத்தத்தில் இவ்வளவுதான் தேறியது. தொட்டியின் விளிம்பைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டாள்.

அதில் பாதியை அளவுக்குழாய்க்கு மாற்றி, ஆக்சிஜனை உறிஞ்சும் கரைசலோடு சேர்த்துக் குலுக்கினாள். கரைசல் கறுத்துப் பழுப்பானது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிற்று. ஜன்னலுக்கு வெளியே, தெருவில் இருக்கும் காற்றிலும் அதே அளவுதான்.

பிளாத்தோன் குனிந்து பார்த்தார். "மூடி கசிஞ்சிருக்குமோ?" என்று ஆரம்பித்தவர், குடுவையைப் பார்த்துத் தானே தலையை ஆட்டிக்கொண்டார். "இல்ல. கசிஞ்சிருந்தா பாதரசம் இவ்வளவு தூரம் ஏறியிருக்காது." நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப மேலயும் கலங்கிக்கிட்டுத்தான் இருக்கு. இத்தனை காலம் என்னத்தையோ எழுதி வச்சிருக்கேன்."

தைஸ்யா அளவைக் குறிப்பேட்டில் எழுதினாள்.

"இன்னொரு தடவை செய்யணும்னு கட்டாயமில்ல" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "மிச்சத்தை மூடி வச்சுக்குங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவளுக்கும் அந்த ஆசை இருந்தது. அவன் கை கடைசியாகத் திறந்து மூடிய காற்று. அலமாரியில் வைத்துக்கொள்ளலாம், தோன்றும்போதெல்லாம் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் ஒரே ஒரு சோதனையை யார் நம்புவார்கள்? கை தவறியது என்பார்கள். அவன் ஏறியது உயரக்கணக்காக மட்டும் நின்றுவிடும்.

மிச்சத்தையும் குழாய்க்கு மாற்றினாள். அதே பழுப்பு, அதே அளவு.

சோதனை முடிந்தால் எஞ்சியதை வெளியே விடுவது வழக்கம். அவளால் முடியவில்லை. பிளாத்தோன்தான் எழுந்து வந்து குழாயைத் திறந்தார்.

பத்திரிகைக்காக வாசலில் நின்ற ஆள், முடிவைக் கேட்டதும் முகம் சுருங்கினான். "இங்க உள்ள காற்றேதானா? இதை எப்படிப் போடறது?" என்றவன் எழுதாமலே போனான்.

வீட்டில் மாமியார் அகாஃபியா உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். மகனின் அடக்கத்துக்காக வோலக்தாவிலிருந்து வந்தவள், இன்னும் ஊர் திரும்பவில்லை.

"திறந்தியா மகளே? என்ன இருந்துச்சு?"

"இங்க இருக்கறதேதான், அம்மா."

"அப்ப அங்க மூச்சு விடலாமா?"

"முடியாது. அதேதான், ஆனா ரொம்பக் கொஞ்சம்."

கிழவியின் கத்தி நின்றது. "என் பிள்ளை மூச்சுத் திணறியா போனான்?"

"இல்லம்மா. கூண்டுக்குள்ள நல்ல காற்று இருந்துச்சு. கடைசி வரைக்கும் இருந்துச்சு."

அகாஃபியா ஈரக்கையாலேயே சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். தைஸ்யா கோட்டைக் கழற்றாமலே எதிரில் உட்கார்ந்து, பாத்திரத்திலிருந்து ஒரு கிழங்கை எடுத்துக்கொண்டாள். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. இருவருமே எழுந்திருக்கவில்லை.