முதலோட்டம்

கேட்ட விலையில பாதியைச் சொன்னன். மனிசன் "சரி, எடுங்கோ" எண்டிட்டார்.

நீங்களே சொல்லுங்கோ, இந்தப் பக்கத்தில ஒரு பை கருவாடு வாங்கினாலும் முதல் கேள்விக்கு ஆராவது தலையாட்டுவாங்களா? வாங்குறவன் எழும்பிப் போகவேணும், விக்கிறவன் வாசல் மட்டும் வந்து கூப்பிடவேணும், தேத்தண்ணி வரவேணும், ஊர்க்கதை வரவேணும், அதுக்குப் பிறகுதான் விலை. அவர் கோவிச்சு எழும்புவார், இழுத்துப் பறிச்சு முக்கால் விலையில வந்து நிப்பம் எண்டுதான் நான் பாதியைச் சொன்னதே. அவர் எழும்பவே இல்ல. கதிரையில சாய்ஞ்சு தாடியைத் தடவிக்கொண்டு, "எப்ப கொண்டு போறீங்க மகள்?" எண்டு கேட்டார்.

அவர்தான் ஸெய்னுதீன் ஹாஜியார். கிண்ணியாவில அரிசி மில் வச்சிருக்கிறவர், நாலு பேர் எழும்பி இடம் குடுக்கிற மனிசன். விக்க இருந்தது ஒரு பாய்மர யோட். கொரோனா காலத்தில வெள்ளைக்காரன் ஒருத்தன் திருகோணமலை உள்துறையில நங்கூரம் போட்டு விட்டிட்டுப் பிளேன் ஏறினவன் திரும்பி வரல்ல. அவனிட்ட இருந்து போனில பேசி ஹாஜியார் வாங்கினது.

நாங்கள் இறக்கக்கண்டி ஆக்கள். எங்கட ஆள், என்ட புருசன் நிப்றாஸ், நிலாவெளியில பைபர் போட்டில டூரிஸ்ட் ஏத்திக்கொண்டு போய்த் திமிங்கிலம் காட்டுறவர். அங்க பைபர் போட் இல்லாதவன் இல்ல. யோட் வச்சிருக்கிறவன் ஒருத்தனும் இல்ல. சத்தமில்லாம, எஞ்சின் புகையில்லாமப் பாயில போய்த் திமிங்கிலம் பாக்கிறதெண்டா வெள்ளைக்காரர் வரிசையில நிப்பாங்கள் எண்டு அவர் ரெண்டு வருசமாப் புலம்பிக்கொண்டு திரிஞ்சவர். ஆசை அவருக்கு, வாய் எனக்கு. அதான் பேரம் பேச என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

கிண்ணியாப் பாலத்தால மோட்டார் சைக்கிளில வரேக்க, "அந்த மனிசன் ஏன் பேரம் பேசல்ல?" எண்டு கேட்டன்.

"உன்ட வாய்க்குப் பயந்திருப்பார்."

"பகிடி விடாதீங்க. எனக்குப் பயமாக் கிடக்கு."

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிறியா நஸ்ரியா?"

"தானமாவா தந்தவர்? என்ட நகையை வித்தெல்லோ குடுக்கப் போறம்! அதில ஏறிக் கடலுக்குப் போறது நீங்களோ ஹாஜியாரோ? வள்ளத்தில ஐபு இருக்கா எண்டு ஒரு சொல்லுக் கேளுங்க."

ஐபு எண்டா குறை. விக்கிற சாமானில ஐபு இருந்தா விக்கிறவன் தானாச் சொல்லவேணும், அது மார்க்கம். அதாலதான் எங்கட ஆக்கள் அதைக் கேக்க மாட்டாங்கள். கேட்டா, உனக்கு ஈமான் இல்ல, அல்லாவில நம்பிக்கை இல்ல எண்டு முகத்துக்கு நேர சொன்ன மாதிரியாப் போயிடுமாம். "ஹாஜியாரிட்டப் போய் அதைக் கேக்கிறதா? எனக்கு ஊருக்குள்ள தலை காட்ட ஏலுமா?" எண்டு எங்கட ஆள் சீறி விழுந்தார். என்ன மரியாதையோ போங்க. கத்தரிக்காய் வாங்கேக்க அமுக்கிப் பாக்கிற சனம், உயிரைக் கொண்டுபோய் வைக்கிற சாமானுக்கு வாயைப் பூட்டிக்கொண்டு நிக்கும்.

நானும் விடல்ல. ஒரு சர்வேயர் வந்து பாக்காமல் நகையை வெளிய எடுக்க மாட்டன் எண்டு நிண்டன். காணி அளக்கிற சர்வேயர் இல்ல, வள்ளம் பாக்கிற சர்வேயர். டவுனில வினோதன் எண்டொரு தம்பி இருக்கிறார், கப்பல் படிப்புப் படிச்சவர். வள்ளத்தைக் கரையில ஏத்தி வச்சிருந்த படகுப் பட்டறைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனம். ஹாஜியாரும் வந்தார், அவர்ட மகன் அப்ராஸும் வந்தார். அப்ராஸ் போன வருசம்தான் கலியாணம் முடிச்ச பிள்ளை. வந்த நேரம் முதல் வள்ளத்தில கையை வச்சபடியே நிண்டார்.

வினோதன் சின்னச் சுத்தியல் ஒண்டால உடம்பு முழுக்கத் தட்டித் தட்டிக் காது குடுத்துக் கேட்டார். பாய்மரத்தைப் பாத்தார், கயிறைப் பாத்தார், எல்லாம் நல்லம் எண்டார். பிறகு உள்ளுக்கு இறங்கி நடுவில கிடந்த பலகைகளைக் கிளப்பினார். அடித்தளம் வழுவழுவெண்டு வெள்ளையாக் கிடந்தது. ஆரோ புதுசாப் பைபர் கரைச்சு ஊத்தி, குசினி நிலம் மாதிரி மட்டமா இழுத்து விட்டிருந்தாங்கள்.

எங்கட ஆளுக்கு வாயெல்லாம் பல்லு. "பாத்தியா, எப்படிக் காய்ஞ்சு கிடக்கு! நல்லாப் பலப்படுத்தி இருக்கிறாங்க."

அவர் சொன்னது பிழையும் இல்ல, எங்கட கரையில ஓடுற போட்டுகளுக்கு. அடி தேய்ஞ்சா மேல ரெண்டு படை பைபர் போட்டா அது புதுசை விடப் பலம். எல்லாரும் அப்படித்தான் செய்யிறது. ஆனா வினோதன்ட முகம் இருண்டு போச்சு.

"அக்கா, இந்த வள்ளத்துக்குக் கீழ ஒரு பெரிய ஈயக்கட்டி தொங்குது. காத்தில சாய்ஞ்சா நிமித்துறது அதுதான். அதைப் பிடிச்சு வச்சிருக்கிற போல்ட்டுகளின்ட தலை இந்த இடத்தில தெரியவேணும். ஒண்டும் தெரியல்ல. முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைச்சு வச்சிருக்கு. வெட்டிப் பாக்காம நான் நல்லம் எண்டு சொல்ல மாட்டன்."

"நான்தான் ராத்தா ஊத்தினனான்" எண்டார் அப்ராஸ் என்னைப் பாத்து, பெருமையா. "பாறையில சின்னனாத் தட்டி ஒரு கசிவு வந்தது. இப்ப பாருங்க, இரும்பு. வாப்பா ஏன் விக்கிறார் எண்டுதான் எனக்கு இன்னும் விளங்கல்ல."

ஹாஜியார் சத்தத்தை உயத்தாமல் சொன்னார்: "வெட்டினா வள்ளம் பழுதாப் போயிடும். காசைத் தந்திட்டு, உங்கட வள்ளத்தை நீங்க வெட்டுங்க."

எனக்குக் கொதிச்சுக்கொண்டு வந்தது. எங்கட ஆள் என்னைத் தள்ளிக்கொண்டு போய், ஏற்கெனவே பள்ளிவாசல் முன்றலில ஆக்களுக்கு முன்னால கை குடுத்தாச்சு, இனிப் பின்வாங்கினா ஆம்பிளையா நான் எண்டார். கடைசியில ஒரு சமாதானத்துக்கு வந்தம். வள்ளத்தைத் தண்ணியில விட்டு, உள்துறைக்குள்ள மட்டும், இளங்காத்தில ஒருக்கா ஓட்டிப் பாக்கிறது. வினோதனும் கூடப் போவார். அதுக்குப் பிறகு காசு, காசு குடுத்த கையோட வெட்டிப் பாக்கிறது.

"அப்ப முதலோட்டத்துக்கு நீங்க ஏறவேணும் ஹாஜியார்" எண்டன் நான்.

எங்கட கடற்கரையில அது வழக்கம். தோணி கை மாறேக்க முதல் ஓட்டத்தில விக்கிறவன் ஏறவேணும். அவனுக்கு ஏலாட்டி அவன்ட இரத்தம் ஒண்டு ஏறவேணும். ஐபு இருக்கா எண்டு கேக்க வெக்கப்படுற சனம் கண்டுபிடிச்ச வழி அது. ஒருத்தரும் ஒண்டும் கேக்கத் தேவையில்ல, மனிசன் ஏறினாப் போதும்.

ஹாஜியார் என்னை ஒரு பார்வை பாத்தார். "ஓம் மகள், ஏறுறன்" எண்டார்.

ஓட்டிப் பாக்கிற அண்டைக்குக் காலமை நேவியிட்டப் பாஸ் எடுத்து எல்லாம் ஆயத்தம். ஹாஜியாரைக் காணல்ல. போனில கோல் எடுத்தா, "பாலத்தில நிக்கிறன், வாறன்" எண்டார். பிறகும் எடுத்தன், அப்பவும் பாலத்திலதான் நிண்டார். அந்தப் பாலம் என்ன மறுமையில நரகத்துக்கு மேல கடக்கிற சிறாத்துல் முஸ்தகீமா, கடந்து முடியாமல் கிடக்க? வெயில் ஏற ஏறத் தரையில இருந்து வீசுற கச்சான் காத்துக் கிளம்பத் தொடங்கிட்டு. மலை மேல மரக்கொப்பெல்லாம் கடல் பக்கம் சாய்ஞ்சுது.

"இண்டைக்கு வேண்டாம் அக்கா, இன்னொரு நாள் பாப்பம்" எண்டார் வினோதன்.

எனக்கும் அதுதான் சரியெண்டு பட்டது. அதுக்குள்ள அப்ராஸ் ஒரே பாய்ச்சலில வள்ளத்தில ஏறிட்டார். "வாப்பாவுக்குப் பதிலா நான் வாறன் ராத்தா. நான் அவர்ட இரத்தம்தானே! எங்களால ஓட்டம் நிண்டது எண்டு பேச்சு வரக்கூடாது. எனக்கும் கடைசியா ஒருக்கா ஓட்டின மாதிரி இருக்கும்."

அல்லா மேல ஆணை, எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கினது. சொந்த மகன் ஏறுறான், அதுவும் சிரிச்சுக்கொண்டு ஏறுறான், இனி என்ன பயம் எண்டு நினைச்சன். வினோதன் மூண்டு பேருக்கும் மிதவைச் சட்டை குடுத்தார். எங்கட ஆள் போட்டார். அப்ராஸ் அதைக் கீழ போட்டு மேல குந்திக்கொண்டார். ஹாஜியார் வந்தா சொல்ல ஆள் வேணுமே எண்டு நான் கரையில நிண்டன்.

உள்துறைக்குள்ள மலை மறைச்சுக் காத்தே இல்ல. பாய் தொங்கிப் போய்க் கிடந்தது. நல்லதாப் போச்சு எண்டு நிண்டா, எஞ்சின் உறுமி, வள்ளத்தின்ட மூக்கு மெல்லத் துறை வாசல் பக்கம் திரும்புது. உடனே எங்கட ஆளுக்குக் கோல் எடுத்தன்.

"உள்ளுக்குக் காத்தில்ல. வினோதன் தம்பி வேண்டாமாம். அப்ராஸ் சொல்றார், வெளிய ஒரு சுத்துச் சுத்தினாத்தான் ஓட்டம் தெரியுமாம். சும்மா எட்டிப் பாத்திட்டு வாறமே!" சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிக்கிறார்.

"திரும்பி வாங்க!" எண்டு கத்தினன். கோல் அறுந்து போச்சு.

அதுக்குப் பிறகுதான் ஹாஜியார் வந்தார். தனிய வந்தார். வள்ளம் கட்டியிருந்த இடம் வெறுமையாக் கிடக்கிறதைப் பாத்திட்டு, "போயிட்டாங்களா?" எண்டு ஒரு பெருமூச்சு விட்டு, கவுத்துப் போட்டிருந்த தோணியில குந்தினார். அந்தப் பெருமூச்சுத்தான் என்னைக் கிளப்பி விட்டது.

"வாக்குத் தந்திட்டு ஒளிச்சீங்களா ஹாஜியார்? இனி எனக்கு மரியாதை கிரியாதை ஒண்டும் இல்ல. வள்ளத்தில ஐபு இருக்கா? வாயைத் திறந்து சொல்லுங்க."

அவர் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். "உள்துறைக்குள்ளதானே?"

"வெளிய போறாங்கள்."

மணி நிண்டது. என்ட முகத்தைப் பாக்காமல் தண்ணியைப் பாத்துச் சொன்னார். "ஊத்தி மூட முதல் நான் இறங்கிப் பாத்தன் மகள். அந்தப் போல்ட்டில விரலை வச்சன். பிட்டு மாதிரி உதிர்ந்தது. அப்ராஸிட்டச் சொன்னன், கேக்கல்ல, மேல ஊத்தி மூடிட்டான். இதிலதான் மாலைதீவு வரைக்கும் போவானாம். பிள்ளைத்தாச்சி மருமகள் வீட்டில இருக்கிறா. ஒரே ஒரு ஆம்பிளைப் பிள்ளை. வித்தாத்தான் அவன் இதில ஏறாமல் இருப்பான். அதான், நீங்க என்ன விலை சொன்னாலும் ஓம் எண்டு சொல்ல இருந்தனான்."

"அப்ப என்ட புருசன்?"

"உங்கட புருசன் எனக்கு ஆர் மகள்?"

கோவத்தில சொல்லல்ல. குத்தலாவும் சொல்லல்ல. உண்மையிலேயே எனக்கு விளங்கப்படுத்துற மாதிரிச் சொன்னார். செருப்பைக் கழட்டுவம் எண்டு குனிஞ்சனான், கழட்டாமல் நிமிர்ந்தன்.

"அப்ப அப்ராஸ் ஆர்?" எண்டன். "நீங்க வரல்ல எண்டு உங்களுக்குப் பதிலா அவர்தான் ஏறிப் போறார்."

அந்த முகத்தை எதிரிக்கும் அல்லா காட்டக் கூடாது. மனிசன் சாறத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு தண்ணிக்குள்ள இறங்கி நடக்கத் தொடங்கினார். நான்தான் பிடிச்சு இழுத்து, பக்கத்தில வலை தட்டிக்கொண்டிருந்தவங்கட பைபர் போட்டில ஏத்தினன். நானும் ஏறினன். கோல் எடுக்கிறம், எடுக்கிறம், ஒருத்தரும் தூக்கல்ல.

துறை வாசலைத் தாண்டினதும் காத்து முகத்தில அறைஞ்சது. வள்ளம் தூரத்தில வெள்ளைப் பாயோட, பாக்க எவ்வளவு வடிவா ஓடினது தெரியுமா! கிட்டப் போகப் போக ஆக்களும் தெரிஞ்சாங்கள். நான் எழும்பி நிண்டு எங்கட ஆளின்ட பேரைச் சொல்லிக் கத்தினன். ஹாஜியார் அவர்ட பிள்ளையின்ட பேரைச் சொல்லிக் கத்தினார். "பாயை இறக்கு! பாயை இறக்கு!" எண்டு ரெண்டு பேரும் கையை ஆட்டினம்.

அவங்களும் கையை ஆட்டினாங்கள். நாங்கள் சந்தோசத்தில பாக்க வந்திருக்கிறம் எண்டு நினைச்சிட்டாங்கள். வினோதன் என்னவோ சொல்லி அப்ராஸின்ட கையைப் பிடிக்கிறது தெரிஞ்சது. அப்ராஸ் உதறிப்போட்டு, வாப்பாவுக்குக் காட்ட வேணுமெண்டு பாய்க்கயிறை இழுத்து இறுக்கினார். வள்ளம் சாய்ஞ்சது. சாய்ஞ்சபடியே இன்னும் சாய்ஞ்சது. பாய் போய்த் தண்ணியில படுத்தது, வெள்ளை அடிவயிறு மேல வந்தது. அந்த ஈயக்கட்டி இருந்த இடத்தில ஒண்டுமே இல்ல.

நாங்கள் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனதோ எனக்குத் தெரியாது. தண்ணிக்குள்ள ரெண்டு தலை தெரிஞ்சது. ஒரு தலை எங்கட ஆள். இருமிக்கொண்டு, கண்ணைத் துடைச்சுக்கொண்டு, உசிரோட. "அல்ஹம்துலில்லாஹ்!" எண்டு தொண்டை கிழியக் கத்தினன். சந்தோசத்தில சிரிச்சன் கூட. பக்கத்தில ஆர் நிக்கிறார் எண்டு அந்த நேரம் எனக்கு நினைவே இல்ல.

"மற்றது வினோதன்" எண்டார் ஹாஜியார்.